பள்ளிக்கூட வாசலில் இருந்த அக்கா

எங்கள் அக்கா பிறந்தது பனவடலிசத்திரம். அப்பா தவறியபோது அக்கா ஆறாம் வகுப்பு. அம்மா காட்டு வேலைக்குப் போக, என்னைப் பார்த்துக்கொள்ள அக்கா பள்ளிக்கூடத்தை விட்டார். நானும் ஐந்தோடு நின்றுவிட்டேன். அதில் அக்காவுக்குக் கடைசிவரை வருத்தம்.

சங்கரன்கோவிலில் வாக்கப்பட்டார். மகள் பாப்பாவுக்கு மூன்று வயதில் அத்தான் விபத்தில் இறந்தார். அதன்பின் பூ கட்டித்தான் பிழைப்பு. யாரிடமும் போய் நின்றதில்லை.

கொரோனா வந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டியபோது பாப்பா எட்டாம் வகுப்பு. அங்கேயே நான் வேலை பார்த்த தறியும் ஓடவில்லை. என்னிடம் இருந்த ஒரு டச் போனைப் பாடம் பார்க்கக் கொடுத்தேன். வெயில் காலம், போன் சூடாகி நின்று நின்று போகும். ஒருநாள் அக்கா அதைப் பூ வைக்கிற ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டார். பிறகு அது உயிர் பெறவே இல்லை.

“பூ வாடாம இருக்க நனைச்சுதான வைக்கோம். இதுவும் கொதிக்கேன்னு வச்சேம்ல,” என்றார்.

“போன் என்ன மல்லியப்பூவா?” என்று கேட்டேன். பாப்பா சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. அப்படி நான் கேட்டிருக்கக் கூடாது.

வேறு போன் வாங்க வழியில்லை. பாடமும் நின்றது. தறி ஓட ஆரம்பித்ததும், தறிக்கு நூல் சுற்ற நான்தான் பாப்பாவைக் கூட்டிப்போனேன். பள்ளிக்கூடம் திறக்கும்வரை என்று சொல்லித்தான். பரீட்சை இல்லாமலே எல்லோரையும் பாஸ் போட்டார்கள். நல்லதுதானே என்று நினைத்தேன்.

பத்தாம் வகுப்புக்குப் பள்ளிக்கூடம் திறந்தது. நாலு நாள் போய்விட்டுப் பாப்பா வரமாட்டேன் என்றாள். “போர்டுல எழுதுறது ஒண்ணும் வெளங்கல மாமா. தறியே போதும்.” சரி, விடு என்றேன். அன்று முழுக்க அக்கா என்னோடு பேசவில்லை.

மறுநாள் காலையில் பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு பாப்பாவோடு போனார். அவளை உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் உட்கார்ந்து பூ கட்டினார். சாயங்காலம் மணி அடித்ததும் கூட்டி வந்தார். தினமும் அப்படித்தான். “ஒங்கம்மா காவலுக்கு இருக்காவளாட்டி?” என்று கூடப் படிக்கிற பிள்ளைகள் கேலி செய்ததாகப் பாப்பா அழுதாள். வெயிலில் ஏன் கிடக்கிறீர்கள் என்று நானும் கேட்டேன். “நான் எந்திரிச்சா அவளும் எந்திரிச்சிருவால,” என்றார்.

பாப்பா எல்லாவற்றிலும் தேறினாள். கணக்கில் மட்டும் போய்விட்டது. மறுபரீட்சைக்குப் பணம் கட்டிய சமயத்தில் அக்காவுக்கு மஞ்சள்காமாலை. தெரியும்போதே முற்றியிருந்தது. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தார்.

கடைசியாகப் பேசியது என்னிடம். “கணக்குப் பரீட்சை என்னைக்குல?”

வியாழக்கிழமை என்றேன்.

“நீ கூட்டிட்டுப் போ. விட்டுட்டு வந்துராத. வாசல்லயே இரு.”

செவ்வாய்க்கிழமை காலமானார். அன்று மாலையே எடுத்தோம். புதன்கிழமை சுடுகாட்டில் பால் தெளித்துக் காடாத்து. வியாழக்கிழமை காலையில் பாப்பாவைப் பரீட்சைக்குக் கூட்டிப்போனேன். சாவு வீட்டுப் பிள்ளையை மூன்றாம் நாளே வெளியே அனுப்பினேன் என்று உறவில் சிலருக்கு இன்றும் வருத்தம் உண்டு. அது அக்கா சொன்னது. அன்று யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. ஓராண்டு ஆனபின் இந்த நினைவு அஞ்சலியில் எழுதுகிறேன்.

பாப்பா தேறிவிட்டாள். இப்போது பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். தனியாகத்தான் போய் வருகிறாள்.

ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தவர்களுக்கும், தூக்கிச் சுமந்தவர்களுக்கும் எங்கள் கும்பிடு. சாயங்காலம் இருந்து பாப்பாவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சருக்கு நன்றி. வாசலில் அக்காவை ஒரு நாளும் எழுப்பாத வாட்ச்மேன் அண்ணாச்சிக்கும் நன்றி. பரீட்சையன்று என்னைப் பார்த்ததும் அவர், அக்கா உட்காரும் ஸ்டூலை எடுத்துப் போட்டார். அதில் உட்கார மனம் வரவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். மணி அடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

தம்பி