பக்கத்தில் இல்லாத வரி

எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஷேர் ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தபோதுதான் அந்த அழைப்பு வந்தது. கதிர் முற்றி நின்ற ஒரு குதிரைவாலிக் காட்டைப் படம் எடுக்கப் போயிருந்தேன். எங்கள் இணையக் கடையில் இருந்த படங்களெல்லாம் எங்கிருந்தோ இறக்கியவை. சொந்தப் படம் போட்டால் தேடலில் பக்கம் மேலே வரும் என்று படித்திருந்தேன்.

அருப்புக்கோட்டை பஜாரில் எங்களுக்குத் தானியக் கடை. ஊருக்கு வெளியே உமி நீக்கும் சின்ன ஆலை. இரண்டையும் அண்ணன் பார்க்கிறார். கடைக்குப் பின்னாலிருக்கும் அறையில் உட்கார்ந்து நான் இணையக் கடையை நடத்துகிறேன்; கடை எண்ணும் என் போனில்தான். ஆரம்பத்தில் அப்படி ஒரு கடை இருப்பதே உலகத்துக்குத் தெரியாது. 'குதிரைவாலி அரிசி' என்று தேடினால் யார் யாரோ வருவார்கள், நாங்கள் வரமாட்டோம். ஏன் என்று தோண்டிப் பார்த்தேன். பாதிப் பேர் குதிரைவாலியை ஆங்கில எழுத்தில், ஆளுக்கொரு விதமாக அடித்துத் தேடுகிறார்கள். எங்கள் பக்கத்திலோ தலைப்பு வெறும் 'முதல் தரம், ஒரு கிலோ'. படங்களின் கனம் தாங்காமல் பக்கம் திறப்பதற்குள் வந்தவர் போய்விடுவார். ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். கொஞ்சம் மேலே வந்தோம்.

அண்ணனுக்கு அது போதவில்லை. இதையே தொழிலாகச் செய்யும் ஒருவரை மதுரையில் பிடித்தார். அவர் கை வைத்த சில வாரங்களில் குதிரைவாலிப் பக்கம் எல்லாருக்கும் மேலே போய் நின்றது. பார்சல் கட்ட இரண்டு பெண்களை வேலைக்கு வைத்தோம். எப்படி ஏறியது என்று நான் கேட்டதற்கு, "அதெல்லாம் டெக்னிக்கல் மேடம்" என்றார்.

ஆட்டோவில் வந்த அழைப்பு சேலத்துப் பக்கமிருந்து. ஒரு பெண் குரல், பதற்றமாக.

"குதிரைவாலி விக்கறது நீங்கதானே? ஒரு வேளைக்கு எவ்வளவு போடணும்?"

"ஆளுக்கு அரை டம்ளர் போதும்க்கா."

"சமையலுக்கு இல்லம்மா, சுகருக்கு. எங்க வீட்டுக்காரரு மாத்திரைய நிறுத்திட்டு மூணு வேளையும் இதான் சாப்பிடறாரு. காலையிலேர்ந்து ஒரே வாந்தி. தண்ணி தண்ணின்னு கேட்டுட்டே இருக்காரு. அளவக் கூட்டணுமா?"

"மாத்திரைய யாருக்கா நிறுத்தச் சொன்னது?"

"நீங்கதானேம்மா போட்டிருக்கீங்க!"

அத்தோடு சிக்னல் அறுந்துபோனது. அந்தச் சாலையில் மேடான இடத்தில் மட்டும்தான் போன் எடுக்கும். மேட்டைவிட்டு வண்டி இறங்கிவிட்டால் அடுத்த மேடு வெகு தூரம். "வண்டிய நிப்பாட்டுங்கண்ணே!" என்று கத்தினேன்.

"இங்கனயா? இங்க பஸ்ஸுகூட நிக்காதும்மா."

"பரவால்ல, நிப்பாட்டுங்க."

இரண்டு பக்கமும் கருவேலம். வந்த வழியே திரும்பி ஓடி, சின்னப் பாலத்தின் கட்டைச் சுவரில் ஏறி நின்று கூப்பிட்டேன். அடித்துக்கொண்டே இருந்து, கடைசி மணியில் எடுத்தார்.

"அக்கா, அது வெறும் சோறு, மருந்து இல்ல. ஒரு நிமிசம்கூட யோசிக்காதீக, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. மாத்திரைய நிறுத்துனத டாக்டர்ட்ட மறைக்காமச் சொல்லுங்க."

"அப்ப பொய்யா போட்டிருந்தீங்க?" என்றார். அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

வெயிலில் கையை மறைப்பாக வைத்துக்கொண்டு எங்கள் பக்கத்தைத் திறந்தேன். மேலிருந்து கீழ்வரை படித்தேன். எல்லாம் நான் எழுதியதுதான். சுகர் என்ற சொல்லே இல்லை. வேறு கடையைப் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டாரோ என்று ஒரு கணம் நிம்மதிகூட வந்தது. பிறகு, அவர் எப்படித் தேடியிருப்பாரோ அப்படியே நானும் அடித்துப் பார்த்தேன். 'சுகர் குறைய அரிசி.'

முதலில் நின்றது எங்கள் கடைதான். கடைப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: 'மாத்திரை இல்லாமல் சர்க்கரை நோய் குணமாகும், அருப்புக்கோட்டை குதிரைவாலி.'

ஒவ்வொரு பக்கத்துக்குப் பின்னாலும் தேடுபொறிக்கென்று ஒரு சிறு குறிப்பு எழுதி வைக்கலாம். பக்கத்தைத் திறந்து பார்ப்பவர் கண்ணில் அது படாது. தேடுகிறவருக்குத்தான், கடைப் பெயரின் கீழே தெரியும். எங்கள் கடையில் அந்த இடத்தைத் திறக்கும் அனுமதி அண்ணனுக்கும் மதுரைக்காரருக்கும் மட்டும்தான் இருந்தது.

மதுரைக்காரரைக் கூப்பிட்டேன். "பக்கத்துல எங்கயும் இல்லையே மேடம்" என்றார் நிதானமாக. "ஜனங்க அப்படித்தான் தேடுறாங்க. தேடுறதக் குடுத்தாத்தான் மேல வர முடியும்."

"உடனே அதை அழிங்க."

"சார் சொல்லட்டும், அழிச்சிடறேன்."

அடுத்து வந்த ஆட்டோவில் தொற்றிக்கொண்டு நேராக ஆலைக்குப் போனேன். அண்ணன் உமித் தூசியில் நின்று லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். இயந்திரச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"அந்த வரிய உங்களக் கேட்டுட்டா போட்டாரு?"

அவர் முகம் மாறியது. "கேட்டாரு. சரின்னேன். ஊர்ல எல்லாரும் போடுறாகளே, நாம மட்டும் என்னத்தப் புதுசா?"

நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு மூட்டையின் வாய்த் தையலை இழுத்துப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாக. சரியாயிரும். அந்த வரி போச்சுன்னா நாம மறுபடியும் அடியில கெடப்போம் தாயி. பார்சல் கட்டுற பிள்ளைகள வீட்டுக்கு அனுப்பவா?"

சேலத்து எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு அவர் முன்னால் நீட்டினேன். அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினேன். அப்போதும் எடுக்கவில்லை. அடுத்த முறை, அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பதிவுக் குரல் சொன்னது.

அண்ணன் போய் இயந்திரத்தை நிறுத்தினார். லோடு ஏற்றியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் கையிலிருந்து போனை வாங்கி அவரே கடவுச்சொல்லை அடித்தார். ஒரு தடவை தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்து என்னிடம் நீட்டினார்.

'குதிரைவாலி அரிசி. தினசரிச் சமையலுக்கான உணவு; மருந்து அல்ல' என்று மாற்றிச் சேமித்தேன். திரும்பத் தேடிப் பார்த்தால் பழைய வரியே நின்றது.

"அழிச்சிட்டேல்ல? அப்புறம் எப்பிடி நிக்கிது?"

தேடுபொறி கடைசியாக வந்தபோது எடுத்துப்போன நகலைத்தான் காட்டும், மறுபடி வந்து பார்க்கும்வரை மாறாது என்று சொன்னேன். வந்து பார்க்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. விண்ணப்பித்தேன். அதுவரை எந்த ஊரில் யார் தேடினாலும் அந்த வரி எங்கள் பெயரில் தெரியும்.

"அப்ப பக்கத்தையே மூடிப்போடு."

"மூடினாலும் அந்த வரி கொஞ்ச நாள் அங்கதான் தெரியும்ணே. அதத் தொட்டு உள்ள வர்றவுகளுக்கு உண்மையச் சொல்லக்கூட எடம் இருக்காது."

பக்கத்தை மூடாமல் அதன் நெற்றியில் பெரிய எழுத்தில் போட்டோம்: 'டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். இந்த அரிசி எந்த நோயையும் குணமாக்காது.'

போட்டு முடிக்கும் முன்பே கடை எண்ணுக்கு ஓர் அழைப்பு. பெரியவர் ஒருவர், 'சுகர் அரிசி' வேண்டும் என்றார். நான் வாய் திறப்பதற்குள் அண்ணன் போனை வாங்கிக்கொண்டார்.

"அய்யா, மாத்திரை போடுறீகளா? நிறுத்திராதீக. இது சும்மா அரிசிதான். ஆமாய்யா, நாங்கதான் போட்டோம். தப்பாப் போட்டுட்டோம்."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, அண்ணனின் காது சிவந்தது. போனை வைத்துவிட்டு, "இதுவரைக்கும் வாங்குனவுக நம்பர் எல்லாம் இருக்குல்ல?" என்று கேட்டார்.

அன்று பிற்பகல் முழுக்க ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு கூப்பிட்டோம். பலர் சமைத்துச் சாப்பிடத்தான் வாங்கியிருந்தார்கள். சிலர் சிரித்தார்கள். காரைக்குடியில் ஓர் அம்மா மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருந்தார். அவருடைய மகனை லைனுக்கு வரச் சொல்லி அண்ணன் வெகுநேரம் பேசினார். ஒவ்வொரு அழைப்புக்கும் நடுவில் நான் சேலத்து எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தேன். அது அணைந்தே கிடந்தது.

பொழுது சாயும் நேரத்தில் அங்கிருந்தே அழைப்பு வந்தது.

"ட்ரிப்ஸ் ஏத்திருக்காங்க. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா ஆபத்துன்னு டாக்டர் சொன்னாரு. இப்பதான் கண்ணத் தொறந்து பேசறாரு."

அண்ணன் போனை வாங்கி, "அம்மா, தப்பு என்னோடதும்மா, தங்கச்சிக்குத் தெரியாது" என்று தொடங்கினார்.

"உங்ககிட்ட பேச எனக்கு ஒண்ணுமில்லைங்க" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

அந்த வரி சில நாட்களில் மறைந்தது. கூடவே நாங்களும் கீழே போனோம். மதுரைக்காரரை நிறுத்தினோம். அந்த மழைக்காலம் முழுக்க ஆலை பாதி நாள்தான் ஓடியது. பார்சல் கட்டிய பெண்களில் ஒருத்தி மில் வேலைக்குப் போய்விட்டாள்.

போனில் ஆட்கள் கேட்கிற கேள்விகளை அப்படியே பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். ஒரு டம்ளருக்கு எத்தனை டம்ளர் தண்ணீர், கல் இருக்குமா, இட்லிக்கு ஊறப்போடலாமா, ஏன் குழைந்துபோகிறது. அண்ணனே அடுப்படியில் நின்று வடித்துப் பார்த்துப் பதில் சொன்னார். பக்கம் மெல்ல மெல்ல ஏறுகிறது. முதலிடம் இல்லை, ஆனாலும் கண்ணில் படுகிற இடம்.

போன வாரம் தேடிப் பார்த்தபோது முதலிடத்தில் வேறொரு கடை இருந்தது. அதன் பெயருக்குக் கீழே அதே வரி, ஊர்ப் பெயர் மட்டும் வேறு. அந்தக் கடையைக் கூப்பிட்டு, சேலத்தில் நடந்ததைச் சொன்னேன். எடுத்தவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "நீங்க எந்தக் கடை?" என்றார். சொன்னேன். "ஓ, முன்னால மேல நின்ன கடையா" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

அண்ணனிடம் சொன்னேன். "அந்தக் கடை நம்பரக் குடு" என்றார். தினமும் கடை திறந்ததும் முதல் வேலையாக அந்த எண்ணைத்தான் கூப்பிடுகிறார். அவர்கள் இன்னும் எடுக்கவில்லை.