நாயைப் பிடித்துக்கொண்டவள்

எனக்கு நாய் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேரப்பிள்ளைகள் குட்டி வேண்டும் என்று காலைக் கட்டிக்கொண்டு அழுதாலும் என் வீட்டுக்குள் ஒரு நாய் வராது. கல்நெஞ்சுக்காரி என்று சொல்லிக்கொள்ளட்டும். என் அக்காவுக்கு நாய் என்றால் உயிர். கடைசிவரை ஏதாவது ஒன்றை வளர்த்துக்கொண்டே இருந்தாள். அது அவள் மனசு. எனக்கு அந்த மனசு வாய்க்கவில்லை.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. சுற்றிலும் முள்வேலி, முன்னால் ஒரு மூங்கில் படல். அந்தப் படலுக்கு உள்ளே நாய்தான் ராஜா. செவலை நிறம், ஒரு காது மடிந்திருக்கும். அதற்கு யாரும் பேர் வைக்கவில்லை. 'தோ தோ' என்றால் வரும், அவ்வளவுதான்.

வேட்டி கட்டித் தோளில் துண்டு போட்ட ஆள் யார் வந்தாலும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். ஆள் பார்வைக்குக் கொஞ்சம் வித்தியாசமாக இருந்தால் போச்சு. கால்சட்டை ஆகாது. தொப்பி ஆகாது. விரித்த குடையைக் கண்டால் பேய் பிடித்த மாதிரி ஆடும். குடுகுடுப்பைக்காரன் எங்கள் தெருவை விட்டுவிட்டுப் பின்பக்கத் தோட்டங்கள் வழியாகப் போவான். ஏலாக்குறிச்சியிலிருந்து யாரையோ பார்க்க வந்த பாதிரியார் ஒருவர், வெள்ளை அங்கியை முழங்காலுக்கு மேல் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சைக்கிளை மிதித்த மிதி இருக்கிறதே, அதைச் சொல்லிச் சொல்லி ஊரே ஒரு மாதம் சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

அப்பாவுக்கு அதில் பெருமை. "நம்ம வூட்டு நாயி ஆளப் பாத்ததும் எடை போட்டுரும்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். ஒரு அதட்டுப் போட்டால் அவர் காலடியில் வந்து படுத்துவிடும். அது எங்களுக்குத் தெரியும். வெளியாட்களுக்குத் தெரியாது.

அந்த வருஷம் தை மாதத்தில் அம்மை குத்துகிறவர் வந்தார். அரைக்கால் சட்டை, தலையில் சோலாத் தொப்பி, கையில் கறுப்புப் பெட்டி. எங்கள் நாய்க்கு ஆகாதது அத்தனையும் அவர் உடம்பில் இருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஏற்கனவே கதவைச் சாத்திவிட்டுக் குத்தியாகிவிட்டது. எனக்கும் குத்தியிருந்தார்கள். அக்கா என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். பெரியவளான பிறகு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். அவளுக்குக் குத்துவதென்றால் வீடு தேடித்தான் வரவேண்டும்.

ஊரில் பாதிப் பேர் அன்றைக்குப் பிள்ளைகளைக் குதிருக்குப் பின்னாலும் வைக்கோல் போருக்குள்ளும் ஒளித்து வைத்திருந்தார்கள். குத்திக்கொண்டால் மாரியாத்தாவுக்குக் கோபம் வரும் என்று பயம். அப்பாவுக்கு அந்தப் பயத்தோடு இன்னொரு கூச்சமும் இருந்தது. வயசுப் பெண்ணின் கையை ஒரு வேற்று ஆண் பிடித்துக் குத்துவதா? அதுவும் கல்யாணம் பேசி முடித்த பெண். தா.பழூரில் இருந்த அத்தையின் மகனுக்கு, வைகாசியில் என்று எல்லாம் பேசியாகிவிட்டது. அத்தை என்றால் அப்பாவின் கூடப்பிறந்த தங்கை.

நாய் படலைப் பிய்த்துவிடுவதுபோல் குலைத்தது. அவர் படலுக்கு வெளியே பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"பெரியவரே, நாயக் கொஞ்சம் புடிங்க. வூட்ல பெரிய பொண்ணு ஒண்ணு இருக்காமே. ஒரு நிமிஷ வேலதான்."

அக்கா வாசல்படியில் நின்றிருந்தாள். "நான் புடிச்சிக்கிறேம்பா" என்றாள்.

"நீ உள்ள போம்மா" என்றார் அப்பா. வந்தவர் பக்கம் திரும்பி, "பொல்லாத நாயி சார். யாருக்கும் அடங்காது, கடிச்சிப்புடும். இன்னொரு நாளைக்கி வாங்க" என்றார்.

அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். நாய் ஓயவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். மத்தியானம் அம்மா குழம்பு வைத்த கருவாட்டில் தலையெல்லாம் நாய்க்குத்தான் கிடைத்தது. அப்பாவே தன் கையால் போட்டார்.

மாசி கடைசியில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் நெற்றியில் முத்துப் போட்டது. அதை நோய் என்று சொல்லக்கூடாது. ஆத்தா வந்திருக்கிறாள் என்றுதான் சொல்லவேண்டும். நிலைப்படியில் வேப்பிலை செருகினார்கள். அடுப்பில் தாளிப்பு நின்றது. அக்காவை உள் அறையில் வேப்பிலை மேல் கிடத்தினார்கள். வெளியாள் யாரும் உள்ளே வரக்கூடாது, எதிர்ப்பட்ட நிழல்கூட ஆகாது. வந்தவர்களை வாயால் போகச் சொல்வதும் ஆத்தாவுக்குக் குற்றம். ஆகவே அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். நாயைக் கொண்டுபோய்ப் படலை ஒட்டிக் கட்டினார். யார் நெருங்கினாலும் அது குலைத்தது. குலைத்தபோதெல்லாம் அம்மா ஒரு கவளம் கம்மஞ்சோற்றை உருட்டிப் போட்டாள். வேட்டி, சேலை, தெரிந்த முகம், தெரியாத முகம் என்ற கணக்கெல்லாம் அதற்கு மறந்துபோயிற்று. பக்கத்து வீட்டு ஆயாவைக்கூட விடவில்லை.

அக்கா பிழைப்பாளா என்பதே பல நாள் தெரியவில்லை. வலியில் அவள் முனகிய முனகலை நான் சொல்லப்போவதில்லை. நினைத்தால் இப்போதும் சோறு இறங்காது.

பிழைத்தாள். ஆத்தா இறங்கி மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று காலையில் அம்மா அவளைக் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள். அதற்கு முந்தின நாளே வீட்டில் இருந்த ஒரே ஒரு கண்ணாடியைக் குதிருக்குள் நெல்லோடு நெல்லாகப் புதைத்துவிட்டாள். எனக்கும் உத்தரவு போட்டிருந்தாள்: "முன்னாடி மாரியேதான் இருக்கேக்கான்னு சொல்லணும். வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்கணும்." எங்கள் கிணறு ஆழக் கிணறு, எட்டிப் பார்த்தால் முகம் தெரியாது. அக்கா கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள். நெற்றியிலிருந்து கழுத்துவரை குழிக்குழியாக இருந்தது. நீளத் தலைமுடி கொட்டியதுபோக மிச்சத்தைச் சிரைத்து, மஞ்சள் பூசியிருந்தார்கள்.

"தோ தோ" என்று கூப்பிட்டாள். குரல் எழும்பவில்லை, வறண்டுபோய் இருந்தது.

நாய் பார்த்தது. முதுகு மயிர் எழுந்து நின்றது. கயிறு அறுந்துவிடும்போல் இழுத்துக்கொண்டு அவளைப் பார்த்துக் குலைத்தது. தொப்பிக்காரரைப் பார்த்துக் குலைத்தது போலவேதான்.

அப்பா ஓடிவந்து விறகுக்கட்டையால் அதை அடித்தார். பாவி, அடிக்க அடிக்க அவளைப் பார்த்தே குலைத்தது.

"வேப்பில வாசத்துக்குத்தாண்டி கொலைக்குது" என்றாள் அம்மா.

"அடிக்காதீங்கப்பா" என்றாள் அக்கா. பிறகு என்னைப் பார்த்தாள். "கண்ணாடி எங்கடி?"

எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தை என்ன சொல்வது! ஆளாளுக்குப் பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறார்களே என்று இருந்தது. ஓடிப்போய்க் குதிரில் கையை விட்டுக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். அதற்கு அம்மாவிடம் துடைப்பத்தால் அடி வாங்கினேன். இன்றைக்கும் அதற்காக நான் வருத்தப்படவில்லை. அக்கா வெகுநேரம் பார்த்தாள். அழவில்லை. கண்ணாடியை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நாயி என்னா பண்ணும், பாவம்" என்றாள்.

மறுநாளிலிருந்து அவள் மாட்டுக் கொட்டகை ஓரமாக, நாய்க்கு எட்டாத தூரத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். சோற்று உருண்டையை உருட்டிவிடுவாள். அது உறுமும், தின்னாது. அவள் பேசிக்கொண்டிருப்பாள். என்ன பேசினாள் என்று நான் ஒட்டுக் கேட்டிருக்கிறேன். எல்லாம் பழைய கதை. குட்டியாக இருந்தபோது தவிட்டுப் பானைக்குள் விழுந்தது, அவள் தாவணியைக் கடித்துக் கிழித்தது, அதற்கு அவள் அடி வாங்கியது. நாளாக ஆக உறுமல் குறைந்தது. சோற்றைத் தின்றது. ஒருநாள் நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு வரும்போது பார்க்கிறேன், அவள் மடியில் தலையை வைத்துப் படுத்திருக்கிறது. குடத்தை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே நின்று ஓவென்று அழுதேன். ஏன் அழுதேன் என்று யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நாய் அவள் ஒருத்திக்கு மட்டும்தான் அடங்கியது. அப்பா அதட்டினால்கூடப் பல்லைக் காட்டியது. அவர் அடித்த அடியை அது மறக்கவில்லை.

கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். பெண்ணை ஒருதடவை பார்த்துவிட்டுப் போகிறோம் என்று ஆனி மாதத்தில் அத்தை சொல்லி அனுப்பினாள். இங்கிருந்து போன சேதியெல்லாம், ஆத்தா இறங்கிவிட்டாள், பெண் நன்றாக இருக்கிறாள் என்பதுதான். அம்மா திட்டம் போட்டாள். அவர்கள் வந்து சேர எப்படியும் அந்தி ஆகும். அக்காவைக் கூடத்துக்குக் கொண்டுவர வேண்டாம், உள் அறையில் உட்காரவைத்து, தலைக்கு முக்காடு போட்டு, விளக்கைத் தள்ளி வைத்துக் காட்டிவிடலாம். மண்ணெண்ணெய்ப் பஞ்சம்; விளக்கு மங்கலாக எரிந்தால் யார் என்ன கேட்கப்போகிறார்கள்? அந்த வீட்டில் எல்லாருக்கும் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். கல்யாணம் நின்றுபோகக்கூடாது. அக்காவுக்கும் அதுதான். அத்தை மகன் என்றால் அவளுக்கு உள்ளூர எவ்வளவு ஆசை என்று எனக்குத்தான் தெரியும்.

நல்ல உச்சி வெயிலில் வந்து நின்றுவிட்டார்கள். பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடிய பஸ் அன்றைக்கென்று நேரத்தோடு கிளம்பி, வழியில் நின்று தொலைக்காமல் அரியலூர் வந்து சேர்ந்துவிட்டதாம். அங்கிருந்து வாடகைக்குக் கூண்டு வண்டி. அத்தை, மாமா, அத்தை மகன் மூன்று பேரும் வந்திருந்தார்கள். அன்றைக்குப் பார்த்து மாப்பிள்ளை கால்சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

வண்டி படலருகில் நின்றதும் நாய் பாய்ந்தது. கயிறு போன இடம் தெரியவில்லை. படலைத் தாண்டி வெளியே போய், இறங்கக் காலை நீட்டிய மாப்பிள்ளையின் காலடியில் நின்றுகொண்டு அண்டம் அதிரக் குலைத்தது. அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். மாடு மிரண்டது. அத்தை கூண்டுக்குள்ளிருந்து, "ஐயோ அண்ணே, புடிங்க புடிங்க" என்று அலறினாள். அப்பா தடியோடு ஓடினார். நாய் அவர்மேல் திரும்பியது. அம்மா உள்ளே என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். இருவரும் அக்காவைப் பார்க்கவில்லை.

அவள் எழுந்தாள். முக்காடு எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. அம்மா கையைப் பிடித்ததை மெதுவாக விலக்கிவிட்டு, அந்த வெயிலில் இறங்கி நடந்துபோனாள்.

"தோ தோ, இங்க வா" என்றாள்.

நாய் குலைப்பை நிறுத்தியது. அவள் மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அது அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு வாலை ஆட்டியது. முக்கால் விரல் வளர்ந்த முடியும் அந்த முகமுமாக அவள் நிமிர்ந்து வண்டியைப் பார்த்தாள்.

"நாயப் புடிச்சிக்கிட்டேன் அத்த. எறங்குங்க."

யாரும் இறங்கவில்லை. மாமா மாட்டுக் கழுத்துமணியைப் பார்த்தார். மாப்பிள்ளை அவளை ஒருதடவை பார்த்தார், பிறகு தன் செருப்பைப் பார்த்தார். மாப்பிள்ளையாக வந்த அந்த ஆளை 'மாமா மாமா' என்று கூப்பிட்டுத் தோளில் தொங்கியவள் நான். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. அவருக்கு அந்த ஆவணியிலேயே வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. நாங்கள் போகவில்லை.

"எறங்கு தாயி. வெயில்ல எதுக்கு ஒக்காந்துக்கிட்டு?" என்றார் அப்பா, அத்தையிடம். குரல் கெஞ்சியது. அவர் யாரிடமும் கெஞ்சி நான் அதற்குமுன் கேட்டதில்லை.

அத்தை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழுதாளோ என்னவோ, அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். "வேணாம்ணே" என்றாள். "பொல்லாத நாயா இருக்கு. கடிச்சிப்புடும். இன்னொரு நாளைக்கி வரோம்."

நாய் அப்போது அக்காவின் மடியில் கண்ணை மூடிப் படுத்திருந்தது.

அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. வண்டிக்காரன் மாட்டைத் திருப்பினான். சக்கரம் எங்கள் வேலி முள்ளில் உராய்ந்துகொண்டு போயிற்று. புழுதி அடங்கி, வண்டி சாலையில் ஏறி மறைகிறவரை அக்கா நாயின் கழுத்தை விடவில்லை. அப்பா அவள் பக்கத்தில் போய்க் குந்தினார்.

"விட்டுரும்மா. அவங்க போயிட்டாங்க."

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"அந்தத் தொப்பிக்காரரு வந்த அன்னிக்கும் நான் புடிச்சிக்கிறேன்னுதாம்பா சொன்னேன்."