சாமான்: வலது பக்கக் குடலிறக்கம், ஒன்று

அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் கடைச் சம்பளப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவர் 'பீரோ'. வீட்டுச் சாமான் விற்கும் கடையில் ஃபிரிட்ஜ், பீரோ, வாஷிங் மெஷின் என்று மாடி மாடியாகத் தூக்கிப்போய் இறக்குவது வேலை. ஆளும் பீரோ மாதிரிதான். வாய் லேசில் திறக்காது.

இருபத்திரண்டு வருஷத்தில் படிக்கட்டுப் பாதியில் ஒரு சாமானை அவர் இறக்கி வைத்ததில்லை. அன்றைக்கு நாலாவது மாடித் திருப்பத்தில், "மாப்ள, இறக்கு" என்றார். ஃபிரிட்ஜின் மறுமுனையைப் பிடித்திருந்தவன் அவர் மனைவியின் தம்பி. காதில் விழுந்ததை அவன் நம்பவில்லை.

"என்ன மாமா, வெளையாடுறீங்களா? இன்னும் எட்டுப் படிதான்."

"இறக்குடாங்கறேன்!"

வலது தொடை இடுக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒன்று புடைத்துக்கொண்டு நின்றது.

அரசு மருத்துவமனை டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, குடலிறக்கம், ஆபரேஷன்தான் வழி என்றார். அங்கே ஆபரேஷன் அறையில் மராமத்து நடந்துகொண்டிருந்தது. மழைக்காலம் முடியும்வரை தேதி இல்லை. "அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருக்குல்ல? அதை எடுத்துக்கிற சர்ஜன் யாரையாவது தனியார்ல பாருங்க. அதுவரைக்கும் ஒரு குடம்கூட தூக்கக் கூடாது. வீக்கம் உள்ள போகாம வலி, வாந்தின்னு வந்துச்சுன்னா உயிருக்கே ஆபத்து. ஓடி வந்துருங்க."

தூக்காதே என்றால் பீரோவுக்கு வேறு என்ன தெரியும்? முதலாளி நல்லவர்தான். அந்த நல்லவர் மாதக் கடைசிவரை பொறுத்துக்கொள்வதாகச் சொல்லி, அதுவரை வண்டிக்குச் சீட்டு எழுதும் வேலையில் உட்கார வைத்தார். அதற்குப் பிறகு வேறு ஆள்.

பீரோவின் மனைவி பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவர். அட்டையில் போட்டிருந்த எண்ணுக்குப் போன் அடித்து, அவர்கள் சொன்ன ஐந்து ஆஸ்பத்திரிப் பேரையும் அளவு நோட்டில் குறித்துக் கொடுத்தார்.

முதல் ஆஸ்பத்திரியில் சர்ஜன் வேலையை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. இரண்டாவதில் இதயத்துக்கு அட்டை செல்லுமாம், வயிற்றுக்குச் செல்லாதாம். "ரெண்டும் ஒரே ஆளுதானேம்மா?" என்று கேட்டுவிட்டு வந்தார் பீரோ. மூன்றாவதில் அட்டை தேய்க்கும் மெஷின் பழுது, நாளைக்கு வாங்க என்றார்கள். மறுநாளும் நாளைக்கு வாங்க என்றார்கள். நாலாவதில் ஒருவர் குரலைத் தாழ்த்தி, "அட்டையை மடிச்சு உள்ள வைங்க. காசா கட்டினா சாயங்காலமே முடிச்சிரலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்து படுத்தார். மனைவி தையல் மெஷினை நிறுத்தாமலே கேட்டார்.

"ஏங்க, முடியாதுன்னாங்களே, எழுதிக் குடுத்தாங்களா?"

"அதெல்லாம் எதுக்கு எழுதப் போறாங்க?"

"நாலு மாடி ஏறினப்புறம் சாமான் வேணாம்னு ஒருத்தன் வாயால சொன்னா சும்மா எறங்கி வந்துருவீங்களா நீங்க?"

பீரோ எழுந்து உட்கார்ந்தார்.

கடையில் ஒரு சட்டம் உண்டு. சாமானை வாங்கிக்கொண்டால் சீட்டில் 'பெற்றுக்கொண்டேன்' கட்டத்தில் கையெழுத்து. வேண்டாமென்றால் கீழே 'மறுக்கும் காரணம்' கட்டத்தில் எழுதி, பேர், நேரம், கையெழுத்து. இரண்டும் இல்லாமல் சாமான் படியிறங்கினால் தூக்கினவன் தலையில் விடியும். கையெழுத்துக்காக ஒரு வக்கீல் வீட்டு வாசலில் மூன்று மணிநேரம் வாஷிங் மெஷின் மேலேயே உட்கார்ந்திருந்த மனுஷன் அவர்.

ஐந்தாவது ஆஸ்பத்திரிக்கு மாப்பிள்ளையும் கூட வந்தான். வரவேற்பு மூன்றாவது மாடியில். "உங்களோட லிஃப்ட்ல ஏறுறதுக்கு எனக்கே வெக்கமா இருக்கு மாமா" என்றான். சுவரில் பெரிய பலகை: அரசுக் காப்பீடு இங்கே ஏற்கப்படும். அதன் அடியிலேயே உட்கார்ந்திருந்த பெண், "கார்டு எடுக்கிறதில்லைங்க" என்றாள்.

பீரோ கடையிலிருந்து கொண்டுவந்த சீட்டுப் புத்தகத்தை மேஜைமேல் வைத்தார். 'சாமான்' என்ற இடத்தில் 'வலது பக்கக் குடலிறக்கம், ஒன்று' என்று ஏற்கெனவே எழுதியிருந்தது.

"காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போடுங்கம்மா. போயிடறேன்."

"இதுல எல்லாம் எழுத முடியாதுங்க."

"அப்ப சாமான் இங்கதான் இருக்கும்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மேனேஜர் வந்தார். "ஏன்யா கலாட்டா பண்றே?"

"சத்தம் போட்டேனா சார்? கையெழுத்துதான கேட்டேன்."

"போலீசைக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிடுங்க. சாட்சிக் கையெழுத்துக்கு ஒரு ஆள் வேணும்."

பின்வரிசையில் பித்தப்பைக் கல்லோடு காத்திருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார். "தம்பி, எனக்கும் ஒண்ணு கிழிச்சுக் குடுங்க. என்னை ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க." அவருக்குப் பின்னால், மகளின் அட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா. மாப்பிள்ளை மும்முரமாகக் கார்பன் தாளை மாற்றிக்கொண்டிருந்தான்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து சர்ஜன் வந்தார். குட்டையான அம்மா, பச்சைத் தொப்பி. சீட்டை வாங்கிப் படித்தார். உதட்டோரம் துடித்தது, சிரிக்கவில்லை.

"அரசாங்கம் பணத்தை வருஷக்கணக்கா இழுக்குது. அது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது டாக்டரம்மா. அதையே எழுதுங்க. வெள்ளைச் சீட்டு உங்களுக்கு, ரோஸ் சீட்டு எனக்கு. மஞ்சள் சீட்டை இந்த அட்டை குடுத்த ஆபீஸ்ல இன்னிக்கே குடுத்துடுவேன். இழுக்கிறவன் படிக்கட்டும். பலகை தொங்குற எடத்துல எங்களை ஏன் இழுக்கடிக்கிறீங்க?"

டாக்டரம்மா பேனாவைத் திறந்தார். கீழ்க் கட்டத்தருகே கொண்டுபோனார். கை அங்கேயே நின்றது.

"பலகையைக் கழட்டணும், இல்ல ஆளை உள்ள விடணும்" என்றார் டாக்டரம்மா மேனேஜரிடம். "ரெண்டுல ஒண்ணு நீங்க எப்பவோ பண்ணியிருக்கணும்." பேனா மேல் கட்டத்துக்கு ஏறியது. பெற்றுக்கொண்டேன். பேர், நேரம், கையெழுத்து. "வியாழக்கிழமை காலைல வெறும் வயித்தோட வாங்க. இப்பவாவது எந்திரிங்க."

ரோஸ் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார் பீரோ. நாற்காலியைவிட்டு அசையவில்லை. பித்தப்பைப் பெரியவரின் சீட்டையும் மகளின் அட்டையோடு நின்ற அம்மாவின் சீட்டையும் எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார்.

"இன்னும் ரெண்டு சாமான் எறங்கல டாக்டரம்மா."