செய்தி வாசிக்கும் புடவை

செய்தி வாசிக்கிறவளுக்கு உச்சரிப்பு தவறினால் ஒருவர் போன் செய்வார். புடவை தவறினால் ஊரே போன் செய்யும். செஞ்சியில் ஓர் உள்ளூர் கேபிள் சேனலில் சில வருடங்களாக நான் செய்தி வாசிக்கிறேன். வேலைக்குக் கிளம்பும்போது பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு திகைத்து நிற்கிறவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

முதல் நாள் பட்டு

அம்மா தன்னுடைய கிளிப்பச்சைப் பட்டைக் கட்டிவிட்டு அனுப்பினாள். ஸ்டுடியோவில் எனக்குப் பின்னால் தொங்கியதும் பச்சைத் துணிதான். பச்சை இருக்கும் இடத்திலெல்லாம் கம்ப்யூட்டர் வேறு படத்தைப் போட்டுவிடும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அன்று போட்டது ராஜகிரி மலைப் படம். மலைமேல் ஒரு தலையும் இரண்டு கைகளும் மட்டும் மழைச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தன. விளம்பர இடைவேளையில் எதிர்க் கடைக்கு ஓடி, ஒரு சிவப்புத் துப்பட்டா வாங்கிப் போர்த்திக்கொண்டு வந்து மிச்சத்தையும் படித்து முடித்தேன். கேமராமேன் குமார் சொன்னான்: "தல மட்டும் போதும்னா நாளைக்கும் இதையே கட்டிக்கினு வாங்கக்கா."

தேர்தல் நேரம்

எந்தக் கட்சிக் கலரும் கூடாது என்றார் ஓனர். சிவப்பு, கறுப்பு, பச்சை, மஞ்சள், நீலம், காவி எல்லாமே யாருக்கோ சொந்தமாக இருந்தது. மிஞ்சியது சாம்பல். ஓட்டு எண்ணி முடியும்வரை சாம்பலிலேயே வந்தேன். அனந்தபுரத்தில் காய் வாங்கப் போனபோது கடைக்காரம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஊட்ல எதுனா துக்கமாம்மா? தெனம் அதே கலர்ல வர்றியே."

ஏழாம் மாதம்

வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்ததும் ஓனர் கூப்பிட்டார். "கொழந்த பொறந்தப்புறம் வாம்மா. உன் எடம் அப்டியே இருக்கும்." எனக்கு முன்னால் வாசித்த பெண்ணிடமும் இதையேதான் சொல்லியிருந்தார். அவள் இடத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

"முடியிற வரைக்கும் வாசிக்கிறேன் சார்" என்றேன்.

"அப்ப வயிறு தெரியாம ஷால் போத்திக்கோ."

"ஷாலும் வேணாம் சார்."

மறுநாள் கொசுவத்தைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு போனேன். படியேறியதும், என் நாற்காலியில் வேறு யாராவது இருப்பார்களோ என்று எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. உட்கார்ந்து படித்தேன்.

அன்றைக்கே இரண்டு பேர் போன் செய்து, இதென்ன கோலம் என்று திட்டினார்கள். நானும் கேட்கட்டும் என்று மூன்றாவது போனை ஓனர் ஸ்பீக்கரில் போட்டார். தளவானூரிலிருந்து ஒரு பெண் பேசினார். பேசி முடித்ததும் ஓனர் போனை வைத்தார். எழுந்துபோய் அவரே நாற்காலியை நகர்த்தினார். அந்தப் பெண் சொன்னது இவ்வளவுதான்: "அந்தப் பொண்ணுக்கு மேஜ வயித்துல முட்டுது சார், சேர கொஞ்சம் பின்னால தள்ளிப் போடுங்க."

மகள் பிறந்த சில மாதங்களில் அதே வேலைக்குத் திரும்பிவிட்டேன். ஜாக்கெட் கை நீளம் போதவில்லை என்பதைத் தவிர ஊருக்கு இப்போது என்மேல் ஒரு குறையும் இல்லை.