கண்ணாடி வீடு கேட்டவர்

தொண்ணூறுகளில் ஓக்லாந்தில் நான் வீட்டு வரைபடம் வரைந்து பிழைத்த நாட்களில், ஊரில் போருக்குத் தப்பி வந்திருந்த அவரைப் போல என் பொறுமையைச் சோதித்தவர் யாருமில்லை. ஒஸ்லோவிலிருந்து தங்கை அனுப்பிய ஒரு வீட்டின் படத்தோடு வந்தார். மரமும் கண்ணாடியுமாய்க் காட்டைப் பார்த்துத் திறந்திருந்த வீடு. ஒனிஹங்கா மேட்டில் வாங்கிய காணியில் அதே மாதிரி வேண்டுமாம். கூடத்திலிருந்து கடல் முழுதும் தெரிய வேண்டுமாம்.

வரைந்தேன். ஒல்லியான மனிதர், மடிப்புக் குலையாத சட்டை. ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து, வரைபடத்தில் கண்ணாடி இருக்கும் இடத்தை உள்ளங்கையால் மூடிப் பார்ப்பார்.

“தம்பி, இதைக் கொஞ்சம் சின்னனாக்கேலாதோ?”

ஐந்தாம் தடவை எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அண்ணை, கண்ணாடி வேணுமெண்டு கேட்டது நீங்கள்தானே?”

“ஓம், நான்தான். ஆனால் பொழுதுபட்டு லைற் போட்டால் வெளியில நிக்கிறவனுக்கு எங்களைத் தெரியும். எங்களுக்கு அவனைத் தெரியாது.”

“அங்கை ஆர் நிக்கப் போயினம்? கடல்தானே கிடக்கு!”

“அது எனக்கும் தெரியும்.” கையை எடுக்கவில்லை. “சரி, பிள்ளையளுக்காகக் கண்ணாடி இருக்கட்டும். நடுவில எனக்கொரு அறை போடும். சன்னல் வேண்டாம்” என்றார்.

சன்னல் இல்லாத படுக்கையறைக்கு நகரக் கவுன்சில் அனுமதி தராது. எரிச்சலோடு ‘சாமான் அறை’ என்று எழுதினேன். அவர் அந்த எழுத்தைத் தொட்டு, “ஒரு கட்டில் கொள்ளுமோ?” என்று மட்டும் கேட்டார்.

இப்போதும் அந்த வழியால் போனால் காரை நிறுத்தி, கண்ணாடிக்குள் அவர் தெரிகிறாரா என்று பார்ப்பேன். வெளியில் நின்று பார்க்கிறவன் நானேதான் என்பது பிறகுதான் உறைக்கும்.