எட்டு மணிக்கு உயர்த்தாத திரை

எங்கள் டோர்செட் பார்க் கட்டிடத்தில் யாராவது கதவைத் தட்டினால் நான் முதலில் டிவியின் சத்தத்தைக் குறைப்பேன். பிறகு மூச்சைக் குறைப்பேன். தட்டியவர் போய்விட்டார் என்று நிச்சயமான பிறகுதான் எழும்பிப் போய்க் கதவுத் துளையால் பார்ப்பேன். ஆளில்லாத நடைகூடம் தெரியும். தெரியாத நம்பர் என்றால் போனும் எடுப்பதில்லை. இதையெல்லாம் பெரிய கெட்டித்தனம் என்று நம்பித்தான் ரொறன்ரோவில் இத்தனை வருடம் இருந்திருக்கிறேன். போன குளிர்காலம் அந்தக் கெட்டித்தனத்தோடு மேற்கே சஸ்காச்சுவான் மாகாணத்துக்குப் போனேன்.

அக்காவும் அத்தானும் அங்கே ஒரு கிராமத்தில் கடை வைத்திருக்கிறார்கள். கடையின் பின்பக்கம் ஒரு படுக்கையறையும் சமைக்கிற குசினியும், அதுதான் வீடு. கிராமம் என்பது மரியாதைக்குச் சொல்வது. சுற்றிவரக் கோதுமை வயல், நடுவே ஒரு தெரு. பள்ளிக்கூடத்து ஜன்னல்களுக்குப் பலகை அடித்தாயிற்று. தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தானியம் சேர்க்கும் உயரமான மரக் கட்டிடம் ஒரு பக்கம் சரிந்து நிற்கிறது. ஆட்கள் இருக்கும் வீடுகள் ஐந்து, அக்கா குடும்பத்தோடு சேர்த்து ஆட்கள் ஏழு. அத்தானுக்கு இதய ஆபரேஷன் என்றதும், தான் ஆஸ்பத்திரியில் அவரோடு நிற்கப்போவதாகவும், நான் பத்து நாள் கடையைப் பார்க்க வேண்டும் என்றும் அக்கா என்னை அழைத்தார்.

போகும்போது ஆயிரம் கட்டளை. "பைப் உறையாமல் தண்ணியைத் துளித்துளியாய் விடு. பெற்றோல் பம்பிலை பனி ஏற விடாதை. காலமை எட்டு மணிக்குள்ளை முன் ஜன்னல் பிளைண்டை உயர்த்திப்போடு, மறந்திடாதை." ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திரை உயர்ந்திருந்தால் கடைக்கு அழகு என்று நினைத்தேன். எதிர்வீட்டில் எண்பது வயது தாண்டிய ஒரு வெள்ளைக்கார அம்மா தனியே இருந்தார். தினமும் பால் வாங்க வருவார், காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்று சொல்வார், போவார். அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

நான்கு நாட்கள் சொன்னபடி திரையை உயர்த்தினேன். ஐந்தாம் நாள் விடிய, பனிப்புயல். ஜன்னல் இடுக்கால் குளிர் வந்து முகத்தில் அறைந்தது. இந்தக் காலநிலையில் எந்தப் பைத்தியக்காரன் கடைக்கு வருவான் என்று சொல்லிக்கொண்டு திரையை அப்படியே விட்டேன். அதற்கு மேலே ஒரு கம்பளியையும் செருகினேன்.

ஒன்பது மணிபோலக் கடைப் போன் அடித்தது. தெரியாத நம்பர். விட்டுவிட்டேன். மறுபடி அடித்தது. மறுபடியும் விட்டேன்.

அரைமணி நேரம் கழித்துக் கதவு தட்டப்பட்டது.

மூன்று தட்டு. இடைவெளி. மறுபடி மூன்று. நான் குசினி விளக்கை அணைத்துவிட்டு மேசைக்குப் பின்னால் குந்தினேன். யோசித்துச் செய்யவில்லை, உடம்பு தானாகச் செய்தது. பத்து வயதில், ஊரில், சண்டைக் காலத்தில், கதவு தட்டப்படும் நேரங்களில் அம்மா என் வாயைப் பொத்திக்கொண்டு மூலையில் இருந்திருக்கிறார். தட்டியது யார் என்று எங்களுக்கு ஒருநாளும் தெரியவராது. கதவைத் திறந்த வீடுகளில் என்ன நடந்தது என்பது மட்டும் அடுத்த நாள் தெரியும். குந்தியபோது கை பட்டு ஒரு கரண்டி விழுந்தது. வெளியே தட்டுவது நின்றது. கதவுப் பிடி ஒருமுறை திருகப்பட்டு நின்றது. யாரோ எதையோ கூவினார்கள், காற்று அதைக் கிழித்துக்கொண்டு போய்விட்டது. பிறகு சத்தமே இல்லை. தப்பினேன் என்று நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது என் கைப்பேசியில் அக்கா.

"ஏன்டி பிளைண்டை உயர்த்தேல்லை? முன்வீட்டு அம்மா மெசேஜ் விட்டிருக்கிறா. டொக்டரோடை நிண்டதிலை இப்பதான் கேட்டனான். கடைக்குப் போன் அடிச்சும் நீ எடுக்கேல்லையாம், உனக்கு என்னவோ ஏதோ எண்டு பாக்க வாறாவாம். வந்திட்டாவோ?"

அப்போதுதான் அக்கா விஷயத்தைச் சொன்னார். அங்கே அது ஒரு ஏற்பாடு. எட்டு மணிக்குள் ஒவ்வொரு வீடும் முன்திரையை உயர்த்தும். உயர்ந்தால், உள்ளே இருப்பவர் உயிரோடு எழும்பிவிட்டார் என்று அர்த்தம். உயராவிட்டால் எதிர்வீட்டுக்காரர் வந்து பார்க்க வேண்டும்.

"ஆரோ தட்டினது," என்றேன்.

"எப்ப?"

"ஒரு இருபது நிமிசம் இருக்கும்."

அக்காவின் குரல் மாறியது. "ஐயோ, அவ வீட்டை போய்ச் சேர்ந்தாவோ தெரியாது. கடைக் கயிறை இடுப்பிலை கட்டிக்கொண்டு போ. நீயும் துலைஞ்சு போகாதை."

கயிற்றின் மறுமுனையைக் கதவுப் பிடியில் கட்டிவிட்டு இறங்கினேன். வழக்கமாக நாற்பது அடி எடுத்து வைத்தால் அவர் வீடு. அன்று என் கையை நீட்டினால் கை தெரியவில்லை. கத்தினேன், என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. பெற்றோல் பம்பை நெஞ்சால் முட்டித்தான் கண்டுபிடித்தேன். அதன் மறுபக்கத்தில், காற்றுப் படாத இடத்தில், முதுகைச் சாய்த்து அவர் உட்கார்ந்திருந்தார். இடது கையில் கையுறை இருந்தது. வலது கையில் இல்லை. சத்தம் நன்றாகக் கேட்கட்டும் என்று கழற்றிவிட்டுத் தட்டியிருக்கிறார்.

கக்கத்தில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். கம்பளிகளால் சுற்றினேன். கை மெழுகுபோல் இருந்தது. நடுங்கும் வாயால் அவர் முதலில் கேட்டது, "நீ சுகமா?" என்றுதான்.

"உள்ளே ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. நீதான் விழுந்துவிட்டாய், எழும்ப முடியவில்லை என்று நினைத்தேன். உன் அக்காவின் சாவி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை எடுத்துவரத்தான் திரும்பினேன்."

"குளித்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை," என்றேன் ஆங்கிலத்தில். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

பக்கத்து ஊரிலிருந்து அம்புலன்ஸ், பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் ஊர்ந்து வர மூன்று மணி நேரம் ஆயிற்று. அவர் பிழைத்தார். வலது கையில் இரண்டு விரல் நுனிகளை எடுத்தார்கள். வசந்தத்தில் அவருடைய மகன் வந்து நகரத்து முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டான். அந்த வீட்டுத் திரை இப்போது உயர்வதில்லை.

அக்காவுக்கும் அதே குளியல் கதையைத்தான் சொல்லியிருந்தேன். போன கிழமை அவர் அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு வந்து எனக்குப் போன் அடித்தார்.

"உன்னைத்தான் கேட்டவ. தங்கச்சி காதை டொக்டரிட்டைக் காட்டினவவோ எண்டு. அவவுக்கு அதே கவலை."

"அக்கா, எனக்குக் காது நல்லாக் கேக்கும். அண்டைக்கும் கேட்டது."

"அதை ஏன் எனக்குச் சொல்லுறாய்? அவவுக்குச் சொல்லு. நம்பர் தாறன், எழுது," என்றார் அக்கா.

எழுதி, ரொறன்ரோவில் என் வீட்டுப் பிரிஜ்ஜில் ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு காலையும் என் ஜன்னல் திரையை உயர்த்திவிட்டு அந்த நம்பருக்கு முன்னால் போய் நிற்கிறேன். என் நம்பர் அவருக்குத் தெரியாது. தெரியாத நம்பர் என்றாலும் அவர் எடுப்பார். எனக்கு அதுதான் பயம்.