சமையலறையில் ஒரு விசாரணை

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், எங்கள் மெய்ன் மாநிலக் கடற்கரையில் யாரைப் பார்த்து எப்படி இருக்கே என்று கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: நல்லாத்தான் இருக்கேன். காலில் கட்டுப் போட்டிருப்பான், புயலில் வீட்டுக்கூரை பறந்திருக்கும், அப்போதும் அதேதான். அந்தப் பதிலைக் கொண்டுபோய், கர்ட்டிஸ் ஆல்லி என்கிற முன்னாள் சிப்பாய் ஒரு டாக்டரிடமும் சொல்லிவிட்டு வந்தான். பக்கத்து வீட்டு டாக்டர் இல்லை. போரில் அடிபட்டதற்கு உதவித்தொகை கேட்டவனைப் பரிசோதித்து அறிக்கை எழுதுகிற டாக்டர். அவர் பாவம், சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். தலைவலி மட்டும் உண்டு, மற்றபடி நலம் என்று முடிவும் வந்துவிட்டது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நான் வெர்னா. கடற்படையில் இருந்துவிட்டு வந்து, இப்போது எங்கள் வட்டாரத்து முன்னாள் சிப்பாய்களுக்காக அரசாங்கத்தோடு மல்லுக்கு நிற்பது என் வேலை. வாய் அதிகம் என்பார்கள். இல்லாவிட்டால் இந்த ஊர் ஊமைக்கோட்டான்களை வைத்துக்கொண்டு ஒரு வழக்கு ஜெயிக்க முடியுமா?

கர்ட்டிஸ் ஈராக்கில் சாலைக் குண்டுகளைத் தேடி அகற்றும் படையில் இருந்தவன். ஒருநாள் குண்டு வெடித்து வண்டியோடு தூக்கி எறியப்பட்டான். ஊர் திரும்பியவன் கடல் வற்றி உள்வாங்கும்போதெல்லாம் சேற்றில் இறங்கி மட்டிச் சிப்பி தோண்டினான். அதுதான் அவனுக்குப் பிழைப்பு, அதுதான் மருந்து. மூடுபனி இறங்கிய காலைகளில் சாலையிலிருந்து பார்த்தால் கடலும் தெரியாது, கரையும் தெரியாது. நடுவில் குனிந்து நிற்கிற அவனும் அவன் மனைவி டார்லாவும்தான் மங்கலாகத் தெரிவார்கள். சில நேரம் அவன் தோண்டாமல் சும்மா நிற்பான். கர்ட்டிஸ் கனவு காண்கிறான் என்று ஊரே சொல்லும். நானும் சொல்லியிருக்கிறேன். அவன் நிற்கிற அழகைப் பார்த்தால் நமக்கும் வேலையைப் போட்டுவிட்டுப் போய்ப் பக்கத்தில் நிற்கலாம் போலிருக்கும்.

மேல்முறையீட்டுக்கு அவனையும் டார்லாவையும் அலுவலகத்துக்கு வரச்சொன்னேன். விசாரணையே வேண்டாம், காகிதங்களை மட்டும் பார்த்து முடிவு பண்ணட்டும் என்றான் அவன். அது சீக்கிரம் முடியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான். ஆனால் காகிதத்தில் என்ன இருக்கிறது? நல்லாத்தான் இருக்கேன் என்று இருக்கிறது. நீ வாயைத் திறந்து நீதிபதியிடம் பேசினால்தான் உண்டு என்று ஒரு பிடி பிடித்தேன்.

பிறகு மூன்று வழிகளையும் எடுத்துச் சொன்னேன். வாஷிங்டனுக்கே போய் நீதிபதிக்கு எதிரில் உட்காரலாம், போக்குவரத்துச் செலவு நம்முடையது. மாநில அலுவலகத்துக்குப் போய் அங்கிருக்கிற திரையில் பேசலாம். இல்லையென்றால் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பேசலாம்.

"வீடுதான்," என்றான் கர்ட்டிஸ். "சட்டையை மாத்தினா போதும். பேன்ட்டை யாரும் பாக்க மாட்டாங்க."

எனக்கும் அதுவே சரியென்று பட்டது. கோட்டு மாட்டி வாஷிங்டனுக்கு அனுப்பினால் இவன் விறைத்துக்கொண்டு நின்று சல்யூட் அடித்துவிட்டு வந்துவிடுவான். சொந்தச் சமையலறையில் உட்கார்ந்தால் மனம் விட்டு நாலு வார்த்தை வரும்.

டார்லா மட்டும் வாஷிங்டன்தான் என்று பிடிவாதமாக நின்றாள். ஒரே தேயிலைப்பையில் இரண்டு தடவை தேநீர் போடுகிறவள், பயணச்செலவைப் பற்றி மூச்சே விடவில்லை. ஏன் என்று கேட்டேன். "நேர்ல பாத்தாத்தான் தெரியும்," என்றாள். என்ன தெரியும் என்று கேட்டதற்குக் கர்ட்டிஸை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். என்னம்மா இது, உனக்கு ஊர் சுற்றிப் பார்க்கவேண்டுமா என்று கிண்டல்கூட செய்தேன். கடைசியில் வீடு என்றே எழுதி அனுப்பினோம்.

விசாரணை நாள் வருவதற்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அன்றைக்கு ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக மூடுபனி. தோட்டத்து வேலிகூடக் கண்ணுக்குப் படவில்லை. வீடே எங்கோ மிதந்துகொண்டிருப்பது போல் இருந்தது. டார்லா காபி போட்டு அவன் முன்னால் வைத்தாள். அவன் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், திரைக்குள் முகம் விழாமல் ஓரத்தில் நான். நீதிபதி நரைத்த முடியை இழுத்துக் கட்டிய ஒரு அம்மாள். நிதானமான குரல். இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டு ஆரம்பித்தார்.

தலைவலி எப்போது வருகிறது, எப்படி வருகிறது என்று கேட்டார். நான் படித்துப் படித்துச் சொல்லிக் கொடுத்ததால் கர்ட்டிஸ் ஓரளவு நன்றாகவே சொன்னான். வேறு ஏதாவது சிரமம் உண்டா என்றார்.

"வேற பெருசா..." என்றவன் அப்படியே நின்றுவிட்டான்.

யோசிக்கிறான் என்று நினைத்தேன். வாய் பாதி திறந்திருந்தது. திரையில் நீதிபதி முன்னால் குனிந்து, கேட்கிறதா என்றார். இன்னொரு தரமும் கேட்டார். பிறகு பக்கத்தில் யாரிடமோ, படம் உறைந்துவிட்டது, தொடர்பைத் துண்டித்துவிட்டு மறுபடி கூப்பிடலாம் என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினார்.

வழக்கமாக இந்த இடத்தில் டார்லா அவன் தோளைத் தொட்டு, விட்ட பேச்சைத் தானே முடித்துவிடுவாளாம். அது பிற்பாடு தெரிந்தது. அன்று அவள் கை மேசையை விட்டு எழவில்லை.

"துண்டிக்காதீங்க மேடம்," என்றாள். "அந்தக் காபியைப் பாருங்க. ஆவி போயிட்டேதான் இருக்கு. படம் நிக்கல. இவருதான் நின்னுட்டாரு."

நீதிபதியின் கை அப்படியே இறங்கியது. எல்லோரும் பார்த்தோம். ஆவி சுருண்டு சுருண்டு மேலே போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் கர்ட்டிஸின் கண் இமைக்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. முகத்தில் ஒரு வலி இல்லை, பயம் இல்லை. இத்தனை வருஷம் நாங்கள் கனவு என்று சொல்லிச் சிரித்தது இதைத்தான்.

"...ஒண்ணுமில்ல மேடம்," என்று அவன் முடித்தான். காபியை எடுத்து ஒரு வாய் குடித்தான். எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு, சட்டையில் ஏதாவது சிந்திவிட்டதா என்று குனிந்து பார்த்துக்கொண்டான்.

நீதிபதி மெதுவாக விவரத்தைச் சொன்னார். அவன் நம்பவில்லை. சிரித்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். சிரிப்பு போய்விட்டது.

இது எவ்வளவு காலமாக என்று நீதிபதி டார்லாவைக் கேட்டார். அவள் திரைக்குப் பதில் சொல்லவில்லை, அவனைப் பார்த்துத்தான் சொன்னாள். ஊருக்குத் திரும்பி வந்த நாளிலிருந்து இருக்கிறது. அவனுக்குத் தெரிந்தால் சேற்றுக்குப் போவதை நிறுத்திவிடவேண்டியிருக்கும். அதுவும் இல்லையென்றால் அவன் என்ன ஆவான் என்று பயந்துதான் யாரிடமும் மூச்சு விடவில்லை. இனிமேலும் மறைத்தால் ஒருநாள் கடல் ஏறி வருகிற நேரத்தில் இப்படி நின்றுவிடுவான், தண்ணீர் காத்திருக்காது.

"தனியாகவா போகிறார்?" என்றார் நீதிபதி.

"ஒருநாளும் தனியா விட்டதில்ல மேடம். நானும் ஒரு வாளியத் தூக்கிட்டுக் கூடவே போவேன்."

கர்ட்டிஸ் கோப்பையைக் கீழே வைத்தான். நீதிபதி, விசாரணை, பதிவாகிக்கொண்டிருக்கிற பேச்சு, எல்லாம் அவனுக்கு மறந்துபோய்விட்டது.

"உனக்கும் பிடிச்சுத்தான் வர்றேன்னு நெனச்சேன், டார்லா."

"எனக்கு அந்தச் சேத்து வாடையே குமட்டும், கர்ட்டிஸ்," என்றாள் அவள். "முதல் நாள்லேர்ந்தே."

நீதிபதி எதுவும் சொல்லாமல் காத்திருந்தார். சட்டம் படித்தவர்களில் எப்போது பேசக்கூடாது என்று தெரிந்தவர்கள் குறைவு. அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

மூளைப் பரிசோதனை, புது அறிக்கை, அது இது என்று இழுத்தடித்து முடிவு வர மாதங்கள் ஆயின. குண்டு அடியால் வந்த ஒருவகை வலிப்பு என்று சாதகமாகத்தான் வந்தது. நான் காகிதத்தோடு அவர்கள் வீட்டுக்கே போய் நின்று, ஊர் கேட்கக் கத்தினேன். ஆனால் என் மனதில் நிற்பது அது இல்லை. விசாரணைக்கு மறுநாள் நடந்ததாக டார்லா என்னிடம் சொன்னது.

அன்று விடியலில் கடல் வற்றியது. வழக்கப்படி எழுந்து பூட்ஸைத் தேடியவளை அவன் கையைப் பிடித்து மறுபடி படுக்கவைத்தானாம். தான் எங்கும் போகப்போவதில்லை என்றானாம். அவன் நினைவு எங்கோ போய்விடும்போதெல்லாம் அது திரும்பும்வரை காவல் நின்றே பழகியவள், அடித்துப்போட்டது மாதிரி மத்தியானம்வரை தூங்கியிருக்கிறாள். கண் விழித்துப் பார்த்தால் அவன் கட்டிலோரம் நாற்காலியைப் போட்டு அவளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

எவ்வளவு நேரமாக இப்படி உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டாளாம்.

"நீ போனதுலேர்ந்து," என்றானாம்.